இறைச்சி இல்லாத சாசேஜ்

1916-17 குளிர்காலத்தை ஜெர்மானியர்கள் 'டர்னிப் குளிர்காலம்' என்கிறார்கள். பிரிட்டனின் கடல் முற்றுகை ஒரு பக்கம். பொய்த்துப்போன உருளைக்கிழங்கு விளைச்சல் இன்னொரு பக்கம். மாட்டுக்குப் போடுற கிழங்கைத்தான் மனுஷங்களும் தின்னாங்க.

அப்போது கொலோன் நகரின் உணவு விநியோகத்தைக் கவனித்தவர் கொன்ராட் அடினாவர். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர். இறைச்சிக்குப் பதில் சோயா மாவு சேர்த்து சாசேஜ் செய்ய வழி கண்டார். ஜெர்மனி காப்புரிமை தர மறுத்தது. இறைச்சி இல்லாட்டி அது சாசேஜே இல்லையாம்! 1918 ஜூன் 26 அன்று காப்புரிமை கொடுத்தது, முற்றுகையிட்ட அதே பிரிட்டன்.

2020இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'வெஜ் பர்கர்' என்ற பெயரைத் தடைசெய்யலாமா என்று வாக்கெடுத்தது. தடை தோற்றது, சண்டை ஓயவில்லை. கொலோன்காரங்களுக்கு அன்னைக்கு இருந்த கேள்வியே வேற: ராத்திரிக்கு சாப்பிட என்ன இருக்கு?