சந்தாவும் முதுமையும்



நான் வாழும் வடபழனிக்குத் தெற்கே, கே.கே. நகரில், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்று உண்டு. பணிக்காலத்தில் சந்தா செலுத்திய தொழிலாளருக்கு உரியது அது. ஓய்வுபெற்ற முதியோருக்கும் அங்கே உரிமை வந்த வரலாறு அறியத்தக்கது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளரின் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கினார். அக்கருத்து நம் நாட்டை எய்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1948-இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்; 1955-இல் நம் மாநிலத்திற்கும் அது வந்தது.

இச்சட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று. நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, வீட்டில் உலையும் கொதிக்க வேண்டும் என்பதை அது தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. ஆகவே, படுத்த நாள்களுக்கு ஊதியத்தில் ஒரு பங்கையும் சேர்த்து வழங்கிற்று. காசம் போன்ற நெடுநோய்களுக்கு அவ்வுதவி பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளேனும் காப்புப் பெற்று ஓய்வடைந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவம் பெறவும் வழி பிறந்தது. ஆயின் முதியவருக்குக் கிட்டியது மருத்துவமே. உலைக்கரிசி அதில் இல்லை.

சந்தா செலுத்தும் வாய்ப்பே இல்லாதவர் நிலை என்ன? வடபழனி படப்பிடிப்பு நிலையங்களால் பெயர்பெற்ற ஊர். விளக்குத் தூக்கியவரும் அரங்கம் அமைத்தவரும் பெரும்பாலும் நாட்கூலிகள். இன்று ஒரு முதலாளி, நாளை வேறொருவர். அவர்களுக்கென 1981-இல் திரைத்தொழிலாளர் நல நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-இலும் 2012-இலும் மாநில அரசு ஏழையருக்கான காப்பீட்டுத் திட்டங்களைத் தொடங்கியது. 2024 அக்டோபரில் மைய அரசு எழுபது வயதினர் அனைவருக்கும் தன் திட்டத்தை விரித்தது. இவை பெரிதும் மருத்துவமனைக் கட்டிலை நோக்கியவை. நீரிழிவும் இரத்தக் கொதிப்புமோ கட்டிலில் முடிவன அல்ல. நாள்தோறும் மாத்திரை வேண்டும். அதை வாங்கி வர ஒருவர் வேண்டும். தனித்து வாழும் முதியவருக்கு அந்த ஒருவர் யார்?

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாயிலுக்கே கொணர்ந்தது. இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிக்கும் பராமரிப்பையும் இல்லத்திலேயே அளித்தது. காப்பீடு அன்று இது; சந்தாவும் இல்லை. உலைக்கரிசிக்கோ 1962-இல் பிறந்த முதியோர் உதவித்தொகை தனியே உண்டு. தொழிலாளிக்கு 1948-இல் ஒரே சட்டத்தில் இணைந்தவை, முதியவருக்கு இரு துறைகளில் நிற்கின்றன: மாத்திரை சுகாதாரத் துறையில், உதவித்தொகை வருவாய்த் துறையில்.