கெடிலக் கரையும் பிரெஞ்சு மொழிக் கூட்டுறவும்

மொழி மனிதரைப் பிணைக்கும் என்பர். ஆனால், பிணைக்கும் கயிறே கட்டிப்போடும் கயிறாவதும் உண்டு. இவ்விரண்டையும் கண்ட மண் நம்முடையது.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும், அதற்கு அணித்தான கடலூர் ஆங்கிலேயரிடமும் இருந்தன. 1758 ஜூனில் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். சிதம்பரம் திருக்கோயிலின் மதில்கள் பிரெஞ்சுப் படைக்கும், பின்னர் ஐதர் அலியின் படைக்கும் அரணாயின. 1783 ஜூனில் கடலூரில் நிலத்திலும் கடலிலும் கடும்போர் மூண்டது. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பூர்வாங்க அமைதி உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேருமுன் எத்தனையோ உயிர்கள் மாண்டன.

போர் ஓய்ந்த பின்னும் இம்மண்ணின் மக்களுக்கு ஓய்வில்லை. 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஆங்கில, பிரெஞ்சு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள், பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளரை ஒப்பந்த அடிப்படையில் கொண்டுசெல்ல வழிவகுத்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழர் கப்பலேறினர். அவர்தம் வழித்தோன்றல்களிடம் தமிழ்ப் பெயர்களும் கோயில் சடங்குகளும் எஞ்சின; வீட்டுமொழியாகத் தமிழ் எஞ்சவில்லை. பிரெஞ்சும் கிரியோலும் அவ்விடத்தைப் பிடித்தன.

குடியேற்ற ஆட்சி மறைந்தபின் அதே பிரெஞ்சு மொழி புதியதோர் உறவுக்குக் கருவியாயிற்று. 1970 மார்ச் 20ஆம் நாள் நைஜர் நாட்டின் நியாமே நகரில் 21 நாடுகள் கூடி, பண்பாட்டு, தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான அமைப்பொன்றை நிறுவின. இன்றைய பன்னாட்டுப் பிரெஞ்சுமொழிக் கூட்டமைப்பின் வித்து அதுவே. நைஜரின் அமானி தியோரி, துனிசியாவின் பூர்கிபா, கம்போடியாவின் சிகானுக் ஆகியோருடன் அதற்கு வழிகோலிய செனகல் குடியரசுத் தலைவர் செங்கோர், ஆப்பிரிக்கரின் தன்மானத்தைப் பாடிய பெருங்கவிஞர். ஆண்டவர் மொழியைத் தூக்கி எறியாமல், அதிலேயே தம் மக்களின் குரலை ஒலிக்கச் செய்தவர்.

அதே 1970இல்தான் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிசில் நடைபெற்றது. 1955இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற்கு வித்திட்ட அறிஞர் ழான் பிலியோசா அம்மாநாட்டிற்கும் துணைநின்றார். 1974இல் செங்கோர் சென்னைக்கே வந்து, திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் உள்ள பண்பாட்டு ஒப்புமைகளை ஆராய வேண்டும் என்றார். அவர் ஆர்வத்தால் டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுத் துறை அமைந்தது, பேராசிரியர் க. ப. அறவாணன் அங்குச் சென்று பணியாற்றினார். படைவீரர் வந்த வழியே பாவலரும் புலவரும் பின்னர் நடந்தனர் எனலாம்.

எனினும், இக்கூட்டுறவை முழுநிலவாக எண்ணலாகாது. அது பிறந்த மண்ணாகிய நைஜரே 2025 மார்ச்சில், மாலி, புர்கினா பாசோ நாடுகளோடு விலகலை அறிவித்தது. அரசியல் நிழல் நீண்டால் மொழியுறவும் வாடும். இந்தியா இவ்வமைப்பில் உறுப்பு நாடன்று. ஆயினும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பேணப்படும் சைவ ஆகமச் சுவடிகள், புதுச்சேரியின் ஏனைய சைவச் சுவடித் தொகுப்புகளோடு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தில்லையின் மரபுக்கு நெருங்கிய நூற்செல்வத்தைக் காப்பதில் பிரெஞ்சு அறிவுலகுக்கும் பங்குண்டு என்பதை மறத்தல் நன்றியன்று.

பிரெஞ்சு மொழிக்கு அரசுகள் பல துணைநிற்கின்றன. கடல்கடந்த தமிழுக்குத் துணை யார்? மொரீசியசின் பணத்தாளில் தமிழெழுத்து உண்டு. ரெயூனியனின் கோயில்களில் தமிழ் மந்திரம் உண்டு. அங்குள்ள தமிழ் வழியினர் பலர் தம் பாட்டன் பிரிந்த துயரைப் பிரெஞ்சிலன்றோ எழுத வேண்டியுள்ளது! அவர் எழுதுவனவற்றைத் தமிழாக்குவதும், நம் கவிதைகளைப் பிரெஞ்சில் அவர்முன் வைப்பதும் பேரரசுகளின் பணியல்ல; நம்மைப் போன்ற சிறு வட்டங்களால் இயல்வதே. பத்தாண்டு கண்ட நம் வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு மொழிபெயர்ப்புத் தொகுப்பையேனும் தொடங்குமானால், ஒரு காலத்தில் பீரங்கி முழங்கிய இக்கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்க்கு மறுமடல் ஒன்று போகும்.