கத்தி இல்லாமல் மூக்கு, காதை மாற்றுமா கரண்ட்? முயல் காதில் நடந்தது என்ன?

மூக்குத் தண்டு வளைந்திருக்கு, காது வெளியே தள்ளி நிற்குது என்று டாக்டரிடம் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஆபரேஷன்தான். மயக்க மருந்து, கீறல், தையல், வீக்கம் என எல்லாம் உண்டு. இதற்கு மாற்றாக, சில வோல்ட் மின்சாரத்தை மட்டும் வைத்து குருத்தெலும்பை வளைக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் ஆய்வில் இருக்கிறது.

ஆக்சிடென்டல் கல்லூரியின் வேதியியலாளர் மைக்கேல் ஹில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரையன் வோங் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து உருவாக்கும் முறை இது. 2019இல் இதை 'மூலக்கூறு அறுவை சிகிச்சை' என்ற பெயரில் அறிவித்தார்கள்.

சூடு பண்ணி வளைப்பதா?

இல்லை. முதலில் லேசர் சூட்டில் குருத்தெலும்பை இளக்கப் பார்த்தார்கள். வளைந்தது, ஆனால் செல்கள் செத்துப்போகும் சிக்கல். சரி, கரண்ட் கொடுத்து சீராகச் சூடேற்றலாம் என்று முயன்றபோதுதான் ஆச்சரியம்: பெரிதாகச் சூடே ஏறாமல் குருத்தெலும்பு வளைந்து கொடுத்தது.

காரணம் என்ன? உங்கள் காதை மடித்து விட்டுப் பாருங்க, டக்கென்று பழைய நிலைக்கு வந்துடும். குருத்தெலும்பில் கொலாஜன் நார்களுக்கு நடுவே எதிர்மின்னூட்டம் கொண்ட புரதங்களும், அவற்றைச் சமன்செய்யும் சோடியம் அயனிகளும் நெருக்கமாக இருக்கின்றன. அந்த விறைப்புக்கு இந்த மின்னூட்டம் முக்கியக் காரணம்.

கரண்ட் பாயும்போது திசுவுக்குள் இருக்கும் தண்ணீர் பிரிகிறது. நேர்மின்முனைப் பக்கம் புரோட்டான்கள், அதாவது அமிலம் உருவாகி, புரதத்தின் எதிர்மின்னூட்டத்தை அடக்கிவிடுகிறது. விறைப்பு போய், குருத்தெலும்பு பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் அச்சு வைத்தால் போதும். கரண்டை நிறுத்தியதும் அமிலத்தன்மை பழைய அளவுக்கு வரும், திசு மறுபடி இறுகும், புது வடிவம் நிற்கும்.

முயலின் நிமிர்ந்த காதை இப்படித்தான் மாற்றினார்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, 3டி பிரின்டரில் செய்த அச்சுக்குள் காதை மடித்து, நுண்ணிய ஊசிகள் வழியாகக் கரண்ட் கொடுத்தார்கள். அச்சை எடுத்த பிறகும் காது மடங்கியபடியே இருந்தது.

ரிஸ்க் எங்கே?

அதே அமிலத்தில்தான். அளவு கூடினால் செல்கள் சாகும். குருத்தெலும்பில் ரத்தக்குழாய்கள் கிடையாது. ஒருமுறை சேதமானால் அது லேசில் ஆறாது. எத்தனை வோல்ட், எத்தனை நிமிடம், ஊசி எங்கே என்ற கணக்குதான் இந்த முறையின் உயிர்நாடி.

இந்த வேதியியலைச் சேதப்படுத்தவே பயன்படுத்துவதும் உண்டு. 1875இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்நோக்கி வளரும் இமை முடியை நீக்க ஊசி வழியே கரண்ட் கொடுத்தார். எதிர்மின்முனையில் உருவாகும் காரம் முடியின் வேரையே அழிக்கும். தோலில் வேண்டாத முடியை நீக்கும் 'எலக்ட்ராலிசிஸ்' வந்தது இதிலிருந்துதான். பன்றியின் கொழுப்புத் திசுவில் வோங் குழு செய்த ஆய்வில், அந்தக் காரம் கொழுப்பை சோப்பாகவே மாற்றியது.

கண்ணாடிக்கும் குட்பையா?

2025 ஆகஸ்டில் ஹில், வோங் குழு வெளியிட்ட தகவல் கண்ணின் கருவிழிப் படலம் பற்றியது. கான்டாக்ட் லென்ஸ் வடிவில் செய்த பிளாட்டினத்தை மின்முனையாக வைத்து, 12 முயல் கண்களில் சோதித்தார்கள். அதில் கிட்டப்பார்வை இருப்பதாகக் கொண்ட 10 கண்களிலும் எதிர்பார்த்த வளைவு கிடைத்தது. ஆன நேரம் ஒரு நிமிடம் போல. லேசிக் மாதிரி எதையும் வெட்டவோ செதுக்கவோ இல்லை.

ஆனால் அவை உடலிலிருந்து தனியே எடுத்த கண்கள். அடுத்து உயிருள்ள விலங்குகளில் சோதிக்க வேண்டும். அதற்கான நிதி உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

இப்போது செய்துகொள்ள முடியுமா?

முடியாது. மூக்கு, காது, கண் எதற்குமே இது ஆஸ்பத்திரிகளில் சிகிச்சையாக வரவில்லை. ஆன்லைனில் விற்கும் 'மைக்ரோ கரண்ட்' முக மெஷின்களும் இதுவும் ஒன்றல்ல. அவை தோலின் மேலே மிகச் சிறிய கரண்டைக் கொடுப்பவை. ஊசியும் இல்லை, அச்சும் இல்லை, குருத்தெலும்பு இளகவும் வழியில்லை. மூக்குத் தண்டு வளைந்து மூச்சுவிடவே கஷ்டம் என்றால், இதற்காகக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பதே சரி.