கரிசல் நிலத்தில் மென்பொருள் படிப்பு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மானாவாரிப் பூமி. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். பருத்தி, சோளம், கம்பு, மல்லி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. மழை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். மழையை நம்பாத மாதச் சம்பளம் என்ற ஆசையை இங்கே முதலில் விதைத்தவை அருப்புக்கோட்டை நூற்பாலைகள் என்று சொல்லலாம். இன்றைய மாணவருக்கு அந்த இடத்தில் மென்பொருள் வேலை நிற்கிறது.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984-ல் தமிழ்நாட்டில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும், 1995-ல் காரியாபட்டி அருகே புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கின. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டாலும் இடம் கிடைப்பது வேறு கதை.

அப்போது தரவரிசைக்கு மொத்தம் 300 மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்புக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பெற்றது. ஆனால் அந்த 100 மதிப்பெண்ணுக்குத் தனிப்பயிற்சி வேண்டும். அதற்கு மதுரை போன்ற நகரத்தில் தங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். பாடத்தை நன்றாகப் படித்த கிராமத்துத் தமிழ்வழி மாணவர் பின்தங்கியது இங்கேதான். நுழைவுத் தேர்வை நீக்க 2005-ல் அரசு எடுத்த முயற்சி சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2006-ல் சட்டம் இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 2007 சேர்க்கையில் அது நடைமுறைக்கு வந்தது. இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை கணினி வந்ததைவிட இதுவே பெரிய திருப்பம்.

இடம் கிடைத்தாலும் கலந்தாய்வுக்குச் சென்னை கிண்டிக்குப் போக வேண்டும், சுமார் 500 கிலோமீட்டர். தகப்பனும் பிள்ளையும் இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து போய், சில நிமிடங்களில் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துத் திரும்புவார்கள். 2018-ல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-லும், விலையில்லா மடிக்கணினி 2011-லும் வந்தன. ஓட்டு வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி பல இடங்களில் அதுதான்.

மொழி மட்டும் தடையாகவே நின்றது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டுமானவியலும் இயந்திரவியலும்தான் அதில் இருந்தன, கணினி அறிவியல் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கணக்குப் போட்டவர், கல்லூரியின் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருந்தது. நிரல் எழுதத் தெரிந்தும், எழுதியதை நேர்முகத் தேர்வில் விளக்கிச் சொல்ல முடியாமல் திரும்பியவர்கள் உண்டு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. வேலை மட்டும் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும்தான் இருக்கிறது. 2011-ல் ஸோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்ததால், சிற்றூருக்கும் இந்த வேலை வரும் என்பது தெரிந்தது. அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்னும் பேருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.