நூலகத்தில் தமிழ்ப் புத்தகம்: முடிவு செய்தவர் யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாத நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக வந்திருந்த மூத்த அம்மா ஒருவர், ஒளிப்பதிவு தொடங்குவதற்கு முன் என்னை அருகில் அழைத்தார். “ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நூலகத்துல தமிழ்ப் புத்தகம் வைக்கணும்னு முதல்ல யாரும்மா முடிவு பண்ணினது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “அரசாங்கம்தான் அம்மா” என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த அம்மாவுக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

நூலகம் என்றால் நாம் புத்தகங்களையும் கட்டடத்தையும் நினைக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் யாரோ சிலர் கூடி எடுத்த முடிவுகள் இருக்கின்றன. யார் உள்ளே வரலாம், எந்த மொழியில் நூல் வாங்கலாம், எந்தக் கட்டடம் நிற்கலாம், எந்த நூல் அலமாரியில் இருக்கலாம் என்று முடிவெடுத்தவர்களின் கதைதான் சிங்கப்பூர் நூலகத்தின் வரலாறு.

பணம் கட்டியவர்களுக்கு மட்டும்

சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1823ஆம் ஆண்டு தம் கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதே நூலகம் பற்றிய எண்ணமும் உடன் இருந்தது. ஆனால் நகர மக்களுக்கென ஒரு நூலகம் 1845ஆம் ஆண்டுதான் ‘சிங்கப்பூர் நூலகம்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அது பங்குதாரர்கள் நடத்திய நூலகம். பங்கு வாங்கியவர்களும் சந்தா கட்டியவர்களும்தான் நூல்களை எடுத்துச் செல்லலாம். ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளுமே அதைப் பயன்படுத்தினார்கள். என்ன நூல் வாங்குவது என்று முடிவு செய்ததும் அவர்களே.

காலப்போக்கில் அந்த நூலகம் கடனில் மூழ்கியது. 1874ஆம் ஆண்டு அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு, அரும்பொருளகத்துடன் இணைத்து, ‘ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும்’ என்று பெயரிட்டது. 1887ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அதற்கெனப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இன்று நாம் தேசிய அரும்பொருளகம் என்று அழைக்கும் அதே வெள்ளைக் கட்டடம்தான் அது. அந்த ஆண்டு விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழா ஆண்டு.

அதே பொன்விழா ஆண்டில், இதே ஊரில், மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது 1887ஆம் ஆண்டே சிங்கப்பூரில் தமிழில் அச்சிட ஆள் இருந்தார்கள். வாங்கிப் படிக்கவும் ஆள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் புதிய கட்டடத்தில் படிக்க என்ன இருந்தது? பெரும்பாலும் ஆங்கில நூல்கள்தான். வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். தடை என்று யாரும் பலகை மாட்டவில்லை. ஆனால் கூலி வேலை செய்தவருக்கும் தாய்மொழி மட்டும் படித்தவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. இந்த நிலை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது.

ஒரு நன்கொடை, இரண்டு நிபந்தனைகள்

இந்த நிலையை மாற்றிய முடிவு ஒரு வணிகரிடமிருந்து வந்தது. அவர் பெயர் லீ கோங் சியான். சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். ரப்பர் தொழிலிலும் அன்னாசித் தொழிலிலும் பெரும் செல்வம் ஈட்டியவர்.

1953ஆம் ஆண்டு அவர், பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாக முன்வந்தார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. பணத்துடன் நிபந்தனைகளையும் வைத்தார். ஒன்று, நூலகம் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். இரண்டு, ஆங்கிலத்தோடு நில்லாமல் இங்குள்ள மக்களின் ஆசிய மொழிகளுக்கும் அங்கே இடம் தர வேண்டும்.

அவர் நினைத்திருந்தால், கட்டடத்துக்குத் தம் பெயரை வைக்கச் சொல்லியிருக்கலாம். சீன நூல்களுக்கு மட்டும் என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எல்லா மக்களின் மொழிகளுக்குமாகக் கேட்டார். தமிழ்ப் புத்தகத்துக்கு நம் தேசிய நூலகத்தில் கிடைத்த இடத்துக்கு, ஒரு சீன வணிகர் வைத்த நிபந்தனையும் காரணம் என்பதை நாம் எத்தனை பேர் அறிவோம்? நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லீ கோங் சியான் தாமே அடிக்கல் நாட்டினார். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி புதிய நூலகச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் நிறக் கட்டடத்தை அன்றைய யாங் டி பெர்துவான் நெகாரா யூசோஃப் இஷாக் திறந்து வைத்தார். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அடுத்த மாதமே அது ‘தேசிய நூலகம்’ என்று பெயர் பெற்றது.

வீட்டருகே வந்த நூலகம்

கட்டடம் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? தோட்டத்திலும் கம்பத்திலும் இருந்தவர்கள் பேருந்து ஏறி நகரத்துக்கு வர வேண்டுமே! இதை உணர்ந்தவர்களில் முக்கியமானவர் திருமதி ஹெட்விக் அனுவார். ஜோகூர் பாருவில் பிறந்த அவர், நம் நூலகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் சிங்கப்பூரர். 1960ஆம் ஆண்டு முதன்முறை பொறுப்பேற்று, பின்னர் 1965 முதல் 1988 வரை இயக்குநராக இருந்தார். நடமாடும் நூலகம் 1960ஆம் ஆண்டு தொடங்கியது. முழுநேரக் கிளை நூலகங்களில் முதலாவது 1970ஆம் ஆண்டு குவீன்ஸ்டவுனில் திறக்கப்பட்டது. அடுத்து 1974இல் தோ பாயோ. அதன்பின் அடுக்குமாடி வீடுகள் எங்கெல்லாம் எழுந்தனவோ அங்கெல்லாம் நூலகமும் பின்தொடர்ந்தது.

சந்தைக்குப் போகும் வழியில் நூலகத்துக்குள் நுழைந்து வரும் பழக்கம் நம் தாய்மார்களுக்கு ஏற்பட்டது இந்தக் கிளைகளால்தான். பள்ளிப் பையுடன் பிள்ளைகள் நேராக நூலகத்துக்குச் சென்றதும் இவற்றால்தான்.

வாரியத்தின் காலம்

1990களில் அடுத்த பெரிய முடிவு வந்தது. டாக்டர் டான் சின் நாம் தலைமையிலான குழு 1994ஆம் ஆண்டு ‘நூலகம் 2000’ என்ற அறிக்கையை வெளியிட்டது. அதன் விளைவாக 1995ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தேசிய நூலக வாரியம் அமைந்தது. அரசாங்கத் துறையாக இருந்த நூலகம், தனக்கென நிர்வாகக் குழுவும் தலைமை நிர்வாகியும் கொண்ட ஆணைபெற்ற வாரியமாக மாறியது. முடிவுகளை விரைவாக எடுக்கவும் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கவும் இதனால் வழி பிறந்தது.

கடைத்தொகுதிகளுக்குள் நூலகங்கள் திறக்கப்பட்டன. நூல் இரவல் வாங்க நீண்ட வரிசையில் நின்ற காலம் மாறியது. 1998ஆம் ஆண்டு புக்கிட் பாத்தோக் நூலகத்தில் வானொலி அலை மூலம் நூலை அடையாளம் காணும் சில்லு முறை அறிமுகமானது. நாமே நூலை இயந்திரத்தின் மேல் வைத்து இரவல் வாங்கிக்கொள்ளும் வசதி அதிலிருந்து பரவியது. பல நாட்டு நூலகர்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

வலித்த இரண்டு முடிவுகள்

ஆனால் எல்லா முடிவும் மக்களுக்கு இனித்ததாகச் சொல்ல முடியாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடம். ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் சுரங்கச் சாலை அமைக்க அந்தக் கட்டடம் இடிக்கப்படும் என்ற செய்தி 1990களின் இறுதியில் மக்களிடையே பரவியது. நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. கட்டடக் கலைஞர் டே கெங் சூன் 2000ஆம் ஆண்டு மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்து காட்டினார். அதே ஆண்டு, இடிப்பது உறுதி என்று அரசாங்கம் அறிவித்தது. 2004ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி நூலகம் கடைசியாகக் கதவை மூடியது. அங்கே காதலித்தவர்கள், தேர்வுக்குப் படித்தவர்கள், படிக்கட்டில் நண்பர்களுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கலங்கினார்கள். நுழைவாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் அந்த இடத்தில் எஞ்சியிருக்கின்றன.

2005ஆம் ஆண்டு விக்டோரியா ஸ்திரீட்டில் பதினாறு மாடிகளுடன் புதிய தேசிய நூலகம் எழுந்தது. லீ அறநிறுவனம் அதற்கு 60 மில்லியன் வெள்ளி வழங்கியது. அங்குள்ள மேற்கோள் நூலகம் லீ கோங் சியான் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதிய கட்டடம் வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் திட்டம் ஏறத்தாழ முடிவான பிறகுதான் மக்களின் குரல் கேட்டது என்ற மனக்குறை பலருக்கு நீடித்தது.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டு நடந்தது. வழக்கமான குடும்ப அமைப்பிலிருந்து மாறுபட்ட குடும்பங்களைக் காட்டும் மூன்று சிறுவர் நூல்களை, புகார் வந்ததைத் தொடர்ந்து, வாரியம் அகற்றியது. அவை அழிக்கப்படும் என்ற செய்தி வந்ததும் நாடு இரண்டாகப் பிரிந்து பேசியது. பிள்ளைகளுக்கு ஏற்றதைப் பார்த்து வைப்பது நூலகத்தின் கடமை என்றனர் ஒரு சாரார். நூலை அழிப்பது நூலகத்தின் வேலை ஆகாது என்றனர் மறு சாரார். பெற்றோர் பலர் பிள்ளைகளுடன் தேசிய நூலகத்தின் முன் கூடி, அந்தக் கதைகளை வாசித்தார்கள். முடிவில், அன்றைய அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் தலையிட்டு, இரண்டு நூல்களைப் பெரியவர்கள் பகுதியில் வைக்கச் சொன்னார். மூன்றாவது நூல் அதற்குள் கூழாக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு நூலை வேறு அலமாரிக்கு மாற்றினால், பிறகு மனம் மாறித் திரும்ப எடுத்து வைக்கலாம். கூழாக்கிய நூலையும் இடித்த கட்டடத்தையும் அப்படி மீட்க முடியாது. திரும்பப் பெற முடியாத முடிவுகளை எடுக்கும் முன், வாரியம் எதுவானாலும், சற்று நின்று மக்களைக் கேட்க வேண்டும் என்பதே இந்த இரண்டு நிகழ்வுகளும் தரும் பாடம் என்பேன்.

நம் பங்கு என்ன?

இப்போது தமிழுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நம் எழுத்தாளர் ஒருவர் சொந்தக் காசில் முந்நூறு படி அச்சிட்டு, விற்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாலும், அந்த இரண்டு படிகள் அங்கே பாதுகாப்பாக இருக்கும். அதற்கு அவர் ஒப்படைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கம் தொடங்கி வைக்கக் காத்திராமல் நம்மவர்களே முன்வந்து செய்த பணி ஒன்றும் உண்டு. நாட்டின் பொன்விழாவான 2015ஆம் ஆண்டையொட்டி, திரு அருண் மகிழ்நன் அவர்களின் முயற்சியில் தொண்டூழியர்கள் சேர்ந்து, 1965க்குப் பின் வெளியான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350 நூல்களை மின்வடிவமாக்கினார்கள். தேசிய நூலக வாரியமும் கைகொடுத்தது. நூல்கள் மின்வடிவில் அங்கே இடம் பெற்றன. மெய்ப்புப் பார்த்தவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் இருந்தார்கள். யாரோ முடிவெடுப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. பொது நூலகம் எந்த நாட்டில் இருந்தாலும், அலமாரி இடம் அளவானது. எந்த நூல் இரவல் போகிறது, எது போகவில்லை என்று கணினி கணக்கு வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத நூல் மெல்ல இடம் இழக்கும். இதில் சதி ஒன்றும் இல்லை. நிர்வாகத்தின் இயல்பு அதுதான். லீ கோங் சியான் 1953இல் வாங்கித் தந்த இடத்தை, நாம் நூலைத் தொடாமலேயே விட்டுக்கொடுத்துவிட முடியும். “தமிழ்ப் புத்தகம் குறைகிறதே” என்று பிறகு வருந்திப் பயனில்லை.

நம் வீட்டில் எத்தனை நூலக அட்டைகள் இருக்கின்றன? கடந்த ஆறு மாதத்தில் அவற்றில் எத்தனை தமிழ் நூல்கள் இரவல் வாங்கப்பட்டன? இந்த இரண்டு கேள்விகளை இன்றிரவு உணவு மேசையில் கேட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, தமிழ்ப் புத்தகத்துக்கு நூலகத்தில் இடம் வேண்டும் என்று கேட்டுப் பணம் கொடுத்தவர் தமிழ் பேசாத ஒருவர். அதைச் சட்டமாக்கியது அன்றைய அரசாங்கம். வீட்டருகே கொண்டு வந்தவர்கள் நூலகர்கள். அந்த இடம் இனியும் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்யப்போவது நீங்களும் நானும் நம் பேரப்பிள்ளைகளும்தான். வரும் சனிக்கிழமை பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து நூலகத்துக்குப் போய் இரண்டு தமிழ்ப் புத்தகம் வாங்கி வாருங்கள்.