பாஞ்சாலங்குறிச்சி: ஏர் ஓட்டிய பின்னும் எஞ்சிய பெயர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வூர் எப்போது தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்று தொடங்குவது வழக்கம். பாஞ்சாலங்குறிச்சியைப் பொறுத்தவரை அந்த வழக்கம் நமக்கு உதவுவதில்லை. 1801ஆம் ஆண்டு மே மாதம் இவ்வூரின் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் சுவர்கள் தரைமட்டமாக்கப்பட்டன. நிலம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது. ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கும்படி ஆணையிடப்பட்டது என்பது திருநெல்வேலிச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வாறு நீக்கப்பட்ட பெயரைத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இன்று பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறார்கள். பெயரை அறிந்த நாம் ஊரை அறிந்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஓட்டப்பிடாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வடமேற்கே செல்லும்போது உப்பளங்கள் மறைந்து, கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் மானாவாரி நிலம் தொடங்குகிறது. பருத்தியும் பயறும் கம்பும் மழையை நம்பி விளையும் பூமி இது. ஆறு இல்லை, மலை இல்லை, இயற்கை அரண் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. இத்தகைய வெட்டவெளியில் மண்ணால் ஒரு கோட்டை கட்டி, அதைக் கொண்டு ஒரு பேரரசை எதிர்த்து நின்றார்கள் என்பதை, அந்த நிலத்தில் நின்று பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'குறிச்சி' என்பது இலக்கண நூலார் மரபில் குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அது சமவெளி ஊர்ப் பெயர்களிலும் இயல்பாக இடம்பெற்றது. கள்ளக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, மொடக்குறிச்சி எனப் பல ஊர்கள் உள்ளன. பாஞ்சாலங்குறிச்சி தோன்றிய கதையிலும் வேட்டை வருகிறது. சாலிகுளத்துக் காட்டில் வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்தியதாகவும், அந்த மண்ணின் வீரத்தை வியந்து அங்கே கோட்டை கட்டித் தம் முன்னோன் பாஞ்சாலன் பெயரை இட்டதாகவும் சொல்வார்கள். முயல் நாயைத் துரத்தும் கதை தமிழகத்திலும் ஆந்திர, கன்னட நாடுகளிலும் வேறு பல கோட்டைகளுக்கும் உண்டு. ஆகவே இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் எளியது வலியதை எதிர்த்த இடம் என்று ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது கவனிக்கத்தக்கது.

மதுரை நாயக்கர் காலத்தில் அமைந்த பாளையங்களுள் ஒன்று பாஞ்சாலங்குறிச்சி. தெலுங்கு பேசும் இராஜகம்பளத்தார் மரபினர் இதனை ஆண்டனர். கரிசல் நடுவே இருந்தபோதிலும் இப்பாளையத்தின் பார்வை கடலை நோக்கியே இருந்தது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் முத்துக்குளிப்பையும் துணி வாணிகத்தையும் நடத்திவந்தனர். துணியும் பருத்தியும் வர வேண்டிய உள்நாட்டு வழிகள் பாளையங்களின் வழியாகவே சென்றன. 1783இல் கர்னல் புல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் இப்பாளையத்துக்கும் இடையிலான உடன்படிக்கை ஒன்று அங்கே கிடைத்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சிற்றூர் உலக அரசியலின் ஓரத்தில் அன்று, அதன் பாதையிலேயே இருந்தது என்பது விளங்கும்.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குச் சென்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1790இல் பட்டமேற்றவர் வீரபாண்டிய கட்டபொம்மன். கப்ப நிலுவை, கலெக்டர் ஜாக்சனின் அழைப்பு, ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஊர் ஊராக அலைய வைத்த அவமதிப்பு, 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் கோட்டையில் நிகழ்ந்த கைகலப்பு, அதில் லெப்டினன்ட் கிளார்க்கின் மரணம், அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டது ஆகியவை நாம் அறிந்தவையே. நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. கம்பெனியே அமைத்த விசாரணைக்குழு ஜாக்சனின் நடத்தையில் குறை கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் ஆள்தான் மாறினாரே தவிர, கொள்கை மாறவில்லை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியின் முன் நின்றது. முதல் தாக்குதலில் கம்பெனிப் படை பின்வாங்கினாலும், கோட்டையில் நிலைத்திருக்க இயலாமல் கட்டபொம்மன் வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, அக்டோபரில் கயத்தாற்றில் பிற பாளையக்காரர் கண்ணெதிரே தூக்கிலிடப்பட்டார்.

பெரும்பாலானோர் மனத்தில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. 1959இல் வந்த பந்துலுவின் திரைப்படமும் கட்டபொம்மனின் தூக்குமேடையையே நம் நினைவில் நிறுத்திவிட்டது. ஊரின் கதையோ அதன் பிறகுதான் உச்சத்தை அடைகிறது.

1801 பிப்ரவரி தொடக்கத்தில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைவதற்குள், இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. ஒரு வாரத்திற்குள் நடந்த வேலை இது. அளவில் அது பெரிய கோட்டையன்று. நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி; முற்றிலும் மண்; சுற்றிலும் முள்வேலி. அதே நாட்களில் தூத்துக்குடியும் கிளர்ச்சியாளர் வசமாயிற்று. அங்கே பிடிபட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவரை, அவர் மனைவியின் வேண்டுகோளுக்கு இணங்கி ஊமைத்துரை விடுவித்தார் என்று கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் பதிவு செய்கிறார். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் பெரும் இழப்புடன் தோற்றது. பீரங்கி உடைத்த சுவரின் வழியே ஏறியவர்களை நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. கர்னல் அக்னியு கூடுதல் படையுடன் வந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

அப்போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், பிற்காலத்தில் எழுதிய தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கோட்டை வீழ்ந்த பின் ஒரு தாய் தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கிடையே அலைகிறாள். உயிர் ஊசலாடும் நிலையில் மகனைக் காண்கிறாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு, அருகில் காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி கேட்கிறான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் செல்கிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருவதை அறிந்து, அவர் உடல்மீது வெள்ளைத் துணி போர்த்தி, அம்மை கண்டு இறந்த பிள்ளைக்காக அழுவதுபோல் ஓலமிடுகிறாள். வந்தவர்கள் அம்மைக்கு அஞ்சி ஓடிவிடுகிறார்கள். எதிரிப் படையின் அதிகாரி வியந்து எழுதி வைத்த இந்நிகழ்ச்சியில் தாய்க்கும் மகனுக்கும் பெயர் இல்லை. தப்பிச் சென்ற ஊமைத்துரை சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களுடன் இணைந்தார். கிளர்ச்சி அங்கும் ஒடுக்கப்பட்ட பின், 1801 நவம்பரில் இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டார்.

இனி, ஏர் ஓட்டிய செய்திக்கு வருவோம். கார்த்தேஜ் நகரை அழித்த ரோமர் அங்கே உப்பு விதைத்தனர் என்ற கதை புகழ்பெற்றது. ஆனால் பண்டைய நூல்களில் அதற்குச் சான்று இல்லை. ஆமணக்குக் கதையின் ஒவ்வொரு விவரத்தையும் நாம் அதே எச்சரிக்கையுடன்தான் அணுக வேண்டும். எனினும் தமிழ் மனம் இச்செய்தியை ஏன் இத்தனை உறுதியாகப் பற்றிக்கொண்டது என்பதற்குக் காரணம் நம் இலக்கியத்தில் இருக்கிறது. பகைவரின் அரண் இருந்த இடத்தைக் கழுதை பூட்டி உழும் வழக்கம் புறநானூற்றில் 15ஆம் பாடலிலும் 392ஆம் பாடலிலும் வருகிறது. பின்னதில் வரகும் கொள்ளும் விதைக்கப்படுகின்றன. அங்கே அது வென்ற மன்னனின் புகழ். அழிந்த ஊரின் குரல் அப்பாடல்களில் ஒலிப்பதில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் நேர்ந்தது அதன் தலைகீழ். உழுதவனைப் பாடப் புலவர் எவரும் இல்லை. உழப்பட்ட ஊரையே மக்கள் பாடினர். கம்மந்தான்களின் அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் உறங்கியபோது, கதைப்பாடலாகவும் கூத்தாகவும் கட்டபொம்மு கதை ஊர் ஊராகச் சென்றது. பின்னாளில் அக்கதைப்பாடலை ந.வானமாமலை பதிப்பித்தார், ஜெகவீரபாண்டியனாரும் ம.பொ.சி.யும் நூல்கள் எழுதினர். 1800-1801 கிளர்ச்சியையே முதல் விடுதலைப் போர் என்று கே.ராஜய்யன் நிறுவ முற்பட்டார்.

அரசும் இந்தப் பெயர்களோடு தன் பங்குக்கு விளையாடியிருக்கிறது. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்ட பின், அது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும், புதிய மாவட்டம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் பெயராலும் வழங்கப்பட்டன. 1997இல் சாதிக் கலவரங்களை அடுத்து, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. கம்பெனியின் ஆணைக்கும் இதற்கும் நோக்கத்தில் பெரும் வேறுபாடு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லோருக்காகவும் நின்றவர்களின் பெயர்களை நாம் சாதிக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டதன் விளைவு அது என்பதை எண்ணும்போது வெட்கமே மிஞ்சுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களுடன் பாஞ்சாலங்குறிச்சி சென்றிருந்தோம். 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையில், சுவரோவியங்களின் முன் நின்று மாணவர்கள் திரைப்பட வசனத்தை உரக்கச் சொல்லி மகிழ்ந்தனர். அதில் தவறில்லை, நாமும் அந்த வயதில் அதைச் செய்தவர்களே. பழைய கோட்டையின் எச்சங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் தனியே இருக்கின்றன. அங்கே வந்தபோது பேச்சு தானாகக் குறைந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத அடித்தளங்கள். "இவ்வளவுதானா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். இவ்வளவுதான் என்றோம்.

அச்சுற்றுவட்டாரத்திலேயே இரு போர்களிலும் மடிந்த கம்பெனிப் படையினரின் கல்லறைகள் உண்டு. அதிகாரிகள் சிலரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வாரத்தில் மண் சுமந்து சுவர் எழுப்பியவர்களுக்கும், உடைந்த சுவரின் பின்னே ஈட்டியுடன் நின்றவர்களுக்கும், வெள்ளைத் துணி போர்த்தி ஓலமிட்ட அந்தத் தாய்க்கும் அப்படியொரு கல் இல்லை. திரும்பும் வழியில் அந்தத் தாயின் கதையை மாணவர்களுக்குச் சொன்னோம். வரும்போது பேருந்தில் பாட்டும் கூத்துமாக இருந்தவர்கள், ஓட்டப்பிடாரம் கடக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

மே மாதத்தில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவின்போது இவ்வூர் மக்கள் வெள்ளத்தில் திளைக்கும். வாசகர்கள் அந்நாளில் செல்லலாம். கூட்டமில்லாத வேறொரு நாளில் சென்று, அந்த அடித்தளங்களின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டு வருவது அதனினும் நன்று.