ஒருவர் படத்தை ஒருவர் திருத்திய காலம்: லண்டன் ஒளிப்படக் கழகங்களின் வரலாறு

ஒளிப்படக் கலையை வருவாய்க்காகக் கையாளாமல் விருப்பத்துக்காகப் பழகியவர்கள், தாங்கள் எடுத்த படங்களைத் தம்மைப் போன்ற பிறரிடம் காட்டிக் குறைநிறைகளைக் கேட்டறியும் வழக்கம், அந்தக் கலை பிறந்து பத்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே லண்டனில் வேரூன்றிவிட்டது. அதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமன்று, தேவையும்தான். 1840-களில் இக்கலையைக் கற்பிக்கப் பள்ளி ஏதும் இல்லை. நம்பத்தக்க கையேடுகளும் குறைவு. காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் காலோடைப் முறைக்கு வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் காப்புரிமை பெற்றிருந்ததால், அதைப் பயன்படுத்த விரும்பியவர்கள் அவருடைய இசைவை நாட வேண்டியிருந்தது. இந்நிலையில் படம் ஏன் கறுத்துப்போனது, ஏன் வெளிறியது என்பதை அறிய, அதே தவறைச் செய்த மற்றொருவரைத் தேடிப்போவதே எளிய வழியாக இருந்தது. 1847-இல் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் கூடி அமைத்த சிறு கழகம் இத்தேவையிலிருந்து எழுந்ததே. வேதியியல் அறிஞர் ராபர்ட் ஹன்ட், வழக்கறிஞர் பீட்டர் ஃபிரை முதலியோர் அதில் இருந்தனர். அவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பேசினர்.

இந்தச் சிறு வட்டத்தைப் பெரிய நிறுவனமாக்கியவை இரண்டு நிகழ்வுகள். சிற்பியான ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் ஈரக் கொலோடியன் முறையைக் காப்புரிமை கோராமல் வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உடனே இருட்டறையில் கழுவும் இம்முறை, காகித நெகட்டிவைவிடப் பன்மடங்கு நுட்பமான விவரங்களைத் தந்தது. அடுத்த ஆண்டு டால்பட், தொழில்முறை உருவப்படம் எடுப்பவர்கள் நீங்கலாக, மற்றவர்கள் மீதிருந்த உரிமைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். 1852 டிசம்பரில் கலைகள் சங்கம் என்னும் அமைப்பின் அடெல்ஃபி மாளிகையில் பல நூறு ஒளிப்படங்களைக் கொண்ட கண்காட்சி நடைபெற, 1853 ஜனவரி 20 அன்று லண்டன் ஒளிப்படச் சங்கம் முறைப்படி தொடங்கப்பட்டது. அரச கலைக் கழகத்தின் தலைவரும் ஓவியருமான சார்லஸ் ஈஸ்ட்லேக் அதன் முதல் தலைவரானார். பின்னர் கிரிமியப் போர்க்களத்தைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ரோஜர் ஃபென்டன் முதல் செயலாளரானார். பெண்களையும் உறுப்பினராக ஏற்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டது, அக்காலத்து லண்டன் அறிவுச் சங்கங்களிடையே அரிதான ஒன்று.

இச்சங்கத்தின் முதல் கூட்டம் 1853 பிப்ரவரியில் நடந்தபோதே, பின்வந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக லண்டன் ஒளிப்பட உலகை இரண்டாகப் பிளந்த வழக்கு தொடங்கிவிட்டது. நுண்ணோவியங்கள் வரைபவரான சர் வில்லியம் நியூட்டன் அன்று படித்த கட்டுரையில், ஓவியருக்குப் பயன்பட வேண்டிய படம் முழுவதும் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்றும், ஃபோகஸ் சற்று விலகியிருந்தால் காட்சியின் பரந்த தோற்றம் கூடுதல் உண்மையோடு வெளிப்படும் என்றும், நெகட்டிவைக் கலைஞர் திருத்திக்கொள்வதில் தவறில்லை என்றும் வாதிட்டார். ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு செங்கல்லும் தெளிவாகத் தெரிவதற்காகவே வேதிப்பொருட்களோடு போராடியவர்களுக்கு இக்கருத்து பெருங்குழப்பமாகப் பட்டது. சங்கத்தின் இதழ் இக்கட்டுரையையும் அதற்கு வந்த மறுப்புகளையும் வெளியிட்டது. ஒரு படம் நன்றாக வந்திருக்கிறதா என்னும் தொழில்நுட்பக் கேள்வியோடு, எது நல்ல படம் என்னும் அழகியல் கேள்வியும் இங்கு முதன்முறையாகப் பொதுமேடை ஏறியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பழக்கமும் அன்றே தொடங்கியதுதான். இன்றைய கழகக் கூட்டங்களிலும் அது முற்றாக நீங்கிவிடவில்லை.

கூட்டங்களுக்கு வர இயலாதவர்களை இணைத்தது அஞ்சல். 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்து, அதனுடன் இருப்புப்பாதைகளும் விரிவடைந்ததால், படங்களை நாடெங்கும் அனுப்புவது கைக்கெட்டும் செயலாகியிருந்தது. 1850-களின் நடுவில் சங்க உறுப்பினர் சிலர் அமைத்த ஒளிப்படப் பரிமாற்றக் கழகத்தில், ஒவ்வொருவரும் தம் படம் ஒன்றை மற்ற அனைவருக்கும் போதுமான படிகள் எடுத்து அளிக்க, அவரவருக்கு எல்லாருடைய படமும் அடங்கிய தொகுப்பு திரும்பக் கிடைத்தது. 1855, 1857 ஆகிய ஆண்டுகளுக்குரிய தொகுப்புகள் இன்றும் பேணப்படுகின்றன. படத்துடன் அதை எடுத்த முறையையும் குறித்துக் கொடுக்கும் பழக்கம் அவற்றில் காணப்படுவது கவனிக்கத்தக்கது. தொழில்முறை நிலையங்கள் தம் கலவைகளை மறைத்து வைத்த காலத்தில், வருவாயை எதிர்பாராதவர்களுக்கு மறைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இதே காலத்தில் இவ்வழக்கம் கடல் கடந்து தமிழகத்தையும் எட்டியது. சென்னை ராணுவத்தின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தபோது ஒளிப்படம் பழகி, 1853-இல் லண்டன் சங்கத்தில் உறுப்பினரானார். இந்தியா திரும்பிய பின் அவர் எடுத்த ஹளேபீடு, பேலூர் கோயில் படங்கள் 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் நடுவர் குழுவின் பாராட்டையும் முதல்தரப் பதக்கத்தையும் பெற்றன. சென்னையில் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், 1856-இல் சென்னை ஒளிப்படச் சங்கத்தை உருவாக்கினார். அவ்வாண்டே சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக அமைத்தது, லண்டன் கூட்டங்களில் பேசப்பட்ட துல்லியம் என்னும் கொள்கைக்கு அவர் அளித்த செயல்விளக்கம் எனலாம். ஆனால் ஆளுநர் சார்லஸ் டிரெவலியன் இப்பணியை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்திவிட்டார். சக படைப்பாளிகளின் பாராட்டைப் பெற்ற படங்கள், செலவுக் கணக்குப் பார்த்தவரின் மதிப்பீட்டில் தோற்றுப்போயின.

கழக விமர்சனத்தின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டும் சான்று ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து, 48-ஆம் வயதில் முதல் கேமராவைப் பரிசாகப் பெற்ற இவர், 1864-இல் லண்டன் சங்கத்தில் சேர்ந்து அதன் கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார். முகத்தை மிக அருகில் வைத்து, நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கச் செய்து எடுத்த அவருடைய உருவப்படங்களில் ஃபோகஸ் மென்மையாக இருந்தது. தகட்டில் கீறல்களும் கைரேகைகளும் சில வேளைகளில் அப்படியே விடப்பட்டன. சங்கத்தின் இதழ் அவருடைய துணிவையும் தனித்தன்மையையும் ஒப்புக்கொண்டபோதிலும், மற்ற எல்லா ஒளிப்படத் தகுதிகளையும் பலிகொடுத்தே அவை அடையப்பட்டன என்று கடிந்துகொண்டது. ஓவியர்களோ அவரைப் போற்றினர். ஹென்றி கோல் இயக்குநராக இருந்த தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இலேயே அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. கீறலைக் கீறல் என்று கூறிய சங்கத்தாரின் கண் பிழையானதன்று. அதைத் தாண்டி முகத்தைப் பார்க்கத் தவறியதே அவர்களின் பிழை. 1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடியேறிய கேமரன், அங்கு வாழ்ந்த எளிய மக்களையும் சில படங்களில் பதிவு செய்துவிட்டு, 1879-இல் அத்தீவிலேயே காலமானார்.

1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் முன்மொழிந்த ஜெலட்டின் உலர்தகடு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. கடையில் தகடு வாங்கிப் படமெடுத்துப் பின்னர் வசதியான நேரத்தில் கழுவிக்கொள்ளலாம் என்றானவுடன், எழுத்தர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் இக்கலைக்குள் வந்தனர். லண்டனில் 1885-இல் கேமரா கிளப் தொடங்கப்பட்டது. குரோய்டன் போன்ற புறநகர்களும் தத்தமக்கெனக் கழகங்கள் அமைத்துக்கொண்டன. இப்புதிய கூட்டத்தின் குரலாக 1884 அக்டோபரில் தோன்றியது ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்’ வார இதழ். பேர்லினில் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் 1887-இல் இவ்விதழ் நடத்திய விடுமுறைப் படப் போட்டியில் பரிசு பெற்றார். அவரைத் தேர்ந்தெடுத்த நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். பின்னாளில் நியூயார்க்கில் நவீன ஒளிப்படக் கலையின் மையமாக விளங்கியவருக்குக் கிடைத்த தொடக்ககால அங்கீகாரம் லண்டன் வார இதழ் ஒன்றின் பக்கங்களிலிருந்து வந்தது.

இக்காலத்தில் உருவாகி வளர்ந்த அமைப்புகளுள் மிக நுட்பமானது சுற்றஞ்சல் பெட்டி முறையாகும். ஒரு குழுவின் உறுப்பினர்கள் தலைக்கொரு படத்தைச் செயலாளருக்கு அனுப்ப, அவர் அனைத்தையும் ஒரு பெட்டியில் அடுக்கி, முகவரிப் பட்டியலோடு முதல் உறுப்பினருக்கு அஞ்சலில் விடுவார். பெட்டியைப் பெற்றவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒவ்வொரு படத்துடனும் இணைந்த தாளில் தம் கருத்தை எழுதி, மதிப்பெண்ணும் இட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். சுற்று முடிந்து பெட்டி தம்மிடம் மீளும்போது உறுப்பினர் தம் பழைய படத்தையும் அதன்மீது எழுதப்பட்ட கருத்துகளையும் எடுத்துக்கொண்டு, புதிய படத்தை அதில் வைப்பார். இம்முறையின் சிறப்பு, கூடத்தில் எழுந்து பேசக் கூச்சப்படும் ஒருவரும் நிதானமாகப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்து எழுத முடிந்ததில் இருந்தது. முன்னவர் எழுதியதைப் பின்னவர் படிப்பதால், விமர்சனமே விமர்சிக்கப்பட்டது என்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுபவருடைய படமும் அதே பெட்டிக்குள் கிடந்தது. வானம் வெறுமையாக இருக்கிறது என்று பிறர் படத்தைக் குறைகூறியவர், தம் படத்தின் வானத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். கழக விமர்சனத்துக்கு நேர்மையை அளித்தது இந்தச் சமநிலைதான்.

இச்சமநிலை குலைந்த இடம் கண்காட்சிச் சுவர். எந்தப் படம் தொங்க வேண்டும், எது கண்மட்டத்திலும் எது கூரையருகிலும் தொங்க வேண்டும் என்பதைத் தேர்வுக்குழு முடிவு செய்தது. அதன் முடிவுக்கு விளக்கம் கேட்க வழியில்லை. எமர்சன் 1889-இல் வெளியிட்ட நூலில், மனிதக் கண் ஒரு காட்சியின் நடுவை மட்டுமே தெளிவாகக் காண்பதால் படமும் அவ்வாறே மென்மையாக இருக்கலாம் என்று வாதிட, நியூட்டன் எழுப்பிய பழைய வழக்கு மீண்டும் மூண்டது. ஒளிப்படக்காரர் ஜார்ஜ் டேவிசன் அடுத்த ஆண்டு காட்சிக்கு வைத்த வெங்காய வயல் படம் அவ்வழக்கின் மையமாயிற்று. 1891-இல் டேவிசனின் படங்கள் காலங்கடந்து வந்தன என்னும் காரணத்தால் எழுந்த பூசலில், அவரும் மூத்த ஒளிப்படக்காரரான ஹென்றி பீச் ராபின்சனும் சங்கத்தை விட்டு வெளியேறினர். பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்குவதில் வல்லவரான ராபின்சனுக்கும் அம்முறையை வெறுத்த இளையோருக்கும் அழகியலில் பொருத்தமே இல்லை. விலக்கப்பட்டோம் என்னும் உணர்வு மட்டுமே அவர்களை ஒன்று சேர்த்தது.

அவர்கள் 1892 மே மாதம் அமைத்த ‘லிங்க்டு ரிங்’, அதாவது பிணைந்த வளையம், அழைக்கப்பட்டவர்களை மட்டுமே ஏற்றது. உறுப்பினர்கள் கண்ணிகள் எனப்பட்டனர். ஒருவருக்கொருவர் புனைபெயர்கள் சூட்டிக்கொண்டனர். 1893 முதல் பிக்காடிலியில் அப்போது இருந்த டட்லி காட்சிக்கூடத்தில் அவர்கள் நடத்திய ஆண்டுக் கண்காட்சி ‘சலோன்’ என்ற பெயர் பெற்றது. இன்றும் இந்திய ஒளிப்படக் கழகங்கள் தம் போட்டிகளைச் சலோன் என்றே அழைக்கின்றன. தாய்ச் சங்கம் முதல் நாளிலேயே ஏற்ற பெண்களை, புரட்சி செய்து பிரிந்த இவ்வளையம் 1900-இல்தான் உறுப்பினராக்கியது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1908-இல் தேர்வுக்குழு அமெரிக்கர்களின் படங்களுக்குப் பெரும்பங்கு அளித்தபோது, ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்’ ஆசிரியர் எஃப். ஜே. மார்ட்டிமர் மறுக்கப்பட்டவர்களின் படங்களைக் கொண்டு போட்டிக் கண்காட்சியே நடத்தினார். மறுக்கப்பட்டவர்களால் தோன்றிய வளையம் மறுப்பவர்களின் வளையமாகி, 1910-இல் கலைந்தது. அதே ஆண்டில் தோன்றிய லண்டன் ஒளிப்படச் சலோன் அதன் இடத்தை நிரப்பியது.

தாய்ச் சங்கம் 1894-இல் அரசப் பட்டம் பெற்று அரச ஒளிப்படச் சங்கமானது. அது வழங்கும் தகுதிப் பட்டங்கள் பின்னர் பேரரசெங்கும் நாடப்பட்டன. பட்டம் வேண்டுவோர் படத் தொகுதி ஒன்றை அனுப்ப, நடுவர் குழு அதனை ஆராய்ந்து முடிவு சொல்லும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் டி. என். ஏ. பெருமாள் அச்சங்கத்தின் உயர்நிலைப் பட்டத்தைப் பெற்றவர். இத்தகைய பட்டங்கள் இந்தியக் கழகங்களில் தொழில்நுட்ப ஒழுங்கை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நடுவருக்குப் பிடிக்கும் ஒளியையும் கட்டமைப்பையும் முன்கூட்டியே கணித்துப் படமெடுக்கும் ஒருமாதிரித்தனத்தையும் அவையே வளர்த்தன. இதற்கு விலக்காக நின்றவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட். கழக வாழ்வில் ஊறியிருந்தும் சலோன் பாணிக்கு அடங்காத அவருடைய படங்கள் 1938-இல் லண்டனில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

1970-களில் லண்டனில் எழுந்த புதிய அமைப்புகள் கேள்வியையே மாற்றின. 1971-இல் சூ டேவிஸ் தொடங்கிய ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரி, 1976 முதல் கிழக்கு லண்டனிலிருந்து வெளிவந்த ‘கேமராவொர்க்’ இதழ் ஆகியவை, படம் எப்படி அமைந்திருக்கிறது என்பதோடு நில்லாமல், யார் யாரைப் படமெடுக்கிறார்கள், எதற்காக என்றும் வினவின. 1988-இல் பிரிக்ஸ்டனில் உருவான ஆட்டோகிராஃப், அதுவரை சுவரில் இடம் கிடைக்காத கறுப்பின, ஆசிய ஒளிப்படக்காரர்களுக்கு அவ்விடத்தைப் பெற்றுத்தந்தது. பழைய கழகங்களும் மறைந்துவிடவில்லை. மார்ட்டிமர் ஆசிரியராக இருந்த ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்’ இதழும் இன்றும் வெளிவருகிறது.

அரச ஒளிப்படச் சங்கம் 1980-இல் லண்டனை விட்டு நீங்கி, பின்னர் பிரிஸ்டலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் மாபெரும் படத் தொகுப்பு பிராட்ஃபோர்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 2017-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஹென்றி கோல் 1865-இல் கேமரனின் படங்களை வாங்கி வைத்த தென் கென்சிங்டன் அருங்காட்சியகமே இன்று அப்பெயரில் விளங்குகிறது. டிரைப் எடுத்த படங்களும் அங்கு உள்ளன. மதுரையையும் தஞ்சையையும் அறிந்த தமிழ் வாசகர்கள் அவற்றைப் பார்த்துக் குறைநிறைகளை எழுதினால், 1850-களில் அப்படங்களை மதிப்பிட்ட எந்தக் குழுவிலும் ஒலித்ததாகத் தெரியாத குரல் ஒன்று அவ்விமர்சனத்தில் சேரும்.